பெயர் நீக்கிய கட்டுரை

எங்கள் ஊரில் யாரைப் பார்த்தாலும் முதல் கேள்வி, "நீ யார் வீட்டுப் பொண்ணு?" என்பதுதான். கோயில் வரிசையில் நின்றாலும் கேட்பார்கள், பட்டுக்கடையில் செருப்பைக் கழற்றும்போதும் கேட்பார்கள், பல் டாக்டர் வாயைத் திறக்கச் சொல்லிவிட்டும் கேட்பார். அப்பா பெயரும் தெருப் பெயரும் சொன்ன பிறகுதான் மற்றதெல்லாம் நடக்கும். இந்தக் கேள்வியைக் கேட்கக் கூடாத இடம் ஒன்று காஞ்சிபுரத்தில் உண்டென்றால் அது பிள்ளையார்பாளையத்தில் என் வீட்டு மாடியறைதான். அங்கிருந்துதான் நானும் ஷமீம் பானுவும் ஜர்னல் நடத்துகிறோம்.

அச்சில் வருவதல்ல. கணிதமும் கணினியும் சேர்ந்த ஆய்வுக் கட்டுரைகளை இணையத்தில் மட்டும் வெளியிடுகிற இதழ். எழுதுகிறவரும் காசு தர வேண்டாம், படிக்கிறவரும் தர வேண்டாம். அதனாலேயே எங்கள் தெருவில் யாருக்கும் இதன்மேல் மரியாதை கிடையாது. நான் ஒரு கல்லூரியில் கணிதம் சொல்லிக்கொடுக்கிறேன், ஷமீம் இன்னொரு கல்லூரியில் கணினி. கீழே என் வீட்டுக்காரர் வேலாயுதம் தறியில் இருப்பார். மேலே நாங்கள் இரண்டு பேரும் யாரோ ஒருவர் எழுதிய நிரூபணத்தைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருப்போம். "மேல இன்னாபா சண்டை?" என்று பாவு நூல் கொண்டுவருகிறவர்கள் கேட்டால், "கணக்குல சந்தேகம் வந்துடுச்சாம்" என்பார் அவர்.

ஆரம்பித்த புதிதில் ஒரு பெரிய மனிதர் பழத்தட்டோடு வீடு தேடி வந்தார். "நம்ம மச்சான் பையன் எழுதனதும்மா, கொஞ்சம் பாத்துப் போட்டுடுங்க" என்றார். அவர் போன பிறகு ஷமீம் ஆடிய ஆட்டத்தில் ஓர் ஆப்பிள் படியில் உருண்டு தறிக்குழிக்குள் விழுந்தது. அன்றைக்கே விதி போட்டோம். பெயர் என் பக்கம், தீர்ப்பு அவள் பக்கம். வருகிற கட்டுரைகளை நான் வாங்குவேன். எழுதியவர் பெயர், ஊர், நன்றியுரை, கோப்புக்குள் ஒளிந்திருக்கும் அடையாளம் எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, ஓர் எண்ணை மட்டும் போட்டு அவளிடம் கொடுப்பேன். அவள் வெளியூர் வல்லுநர்கள் இரண்டு பேரிடம் கருத்துக் கேட்டு, தானும் படித்து, முடிவு எழுதுவாள். யார் எழுதியது என்று அவள் கேட்கமாட்டாள், நானும் சொல்லமாட்டேன். சனிக்கிழமை காலையில் வந்து முடிவுக் கடிதங்களை உரக்கப் படிப்பாள். நான் கேட்டுவிட்டு அனுப்புவேன்.

ஷமீம் எழுதும் நிராகரிப்புக் கடிதத்தில் நல்ல வார்த்தை ஒன்றுகூட இருக்காது. "ஒரே ஒரு வார்த்தை நல்லதா சொல்லிப் பாரு. அதையே பிடிச்சிக்கினு ஆறு மாசம் சண்டைக்கு வருவானுங்க" என்பாள். அவள் சொல்வதிலும் நியாயம் இருந்தது. நாங்கள் நிறைய சண்டை பார்த்திருக்கிறோம்.

வீட்டில் அவள் இதற்கு நேர் எதிர். அவளுக்கு ஒரே மகள், ஷாஹிஸ்தா. புனேயில் ஒரு நிறுவனத்தில் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிறாள். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பார்கள், ஷமீமின் குஞ்சு பத்தரைமாற்று. ஷாஹிஸ்தா பள்ளியில் இரண்டாவதாக வந்தால் திருத்திய டீச்சருக்குக் கண் தெரியவில்லை என்று அர்த்தம். எதைச் செய்தாலும் ஒரே மாஷா அல்லாதான்.

பங்குனி உத்திரத்துக்குச் சற்று முன்னால் வந்த கட்டுரைகளில் ஒன்றில் ஷாஹிஸ்தாவின் பெயர் இருந்தது. நான் உடனே போன் செய்தேன்.

"தெரிஞ்சேதான் அனுப்பினேன் ஆன்ட்டி" என்றாள். "எல்லாரோடதும் போல பேர எடுத்துட்டு அம்மாகிட்ட குடுத்துடுங்க."

"ஏம்மா, இது முறையா? பெத்தவ பொண்ணுக்குத் தீர்ப்பு எழுதறதா?"

"அவங்களுக்குத்தான் தெரியாதே. இந்தக் கணக்கப் பத்தி வீட்ல நான் பேசினதே இல்ல. படம் வரைஞ்சா மாஷா அல்லா, பிரியாணிய அடி பிடிக்க வெச்சாலும் மாஷா அல்லா. நான் கணக்குக்கு லாயக்கா இல்லையான்னு எனக்குத் தெரியணும். கணக்குல நான் நம்பற ஆள் அம்மா ஒருத்தங்கதான் ஆன்ட்டி. ஆனா என் பேர் தெரிஞ்சா அவங்கள நம்ப முடியாது."

சென்னையில் ஒரு கம்பெனி அவளை வேலைக்குக் கூப்பிட்டிருந்தது. கட்டுரைக்கு என்ன பதில் வருகிறது என்று பார்த்துவிட்டு, ஆராய்ச்சியில் இருப்பதா, எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கிளம்புவதா என்று முடிவு செய்வாளாம். அம்மாவிடம் இதைப்பற்றி மூச்சுவிடக் கூடாதாம்.

திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். சொந்தக்காரர் கட்டுரை வந்தால் இதழாசிரியர் விலகிக்கொள்வது எல்லா ஜர்னலிலும் உள்ள பழக்கம். ஆனால் எங்கள் விதியில் அதற்கு இடம் வைக்க மறந்துவிட்டோம். நீ விலகிக்கொள் என்று நான் சொன்னாலே யார் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். அதோடு எனக்குள் ஒரு கர்வமும் இருந்தது. நம் விதி நிஜமாகவே நியாயமானதுதானா, இப்போது பார்த்துவிடலாமே என்று நினைத்தேன். பெயரை நீக்கினேன், எண் போட்டேன், கொடுத்துவிட்டேன்.

அன்றிலிருந்து எனக்குச் சரியாகச் சாப்பாடு இறங்கவில்லை. மடியில் கனமிருந்தால் வழியில் பயம். போனில் ஷமீம் பெயரைப் பார்த்தாலே பயம், அவளை நேரில் பார்த்தாலும் பயம். அவள் டீ குடிக்கும்போது சாதாரணமாக, "அந்த நிறம் பூசற கட்டுரை இருக்குதில்ல" என்று ஆரம்பித்தால் போதும், நான் உடனே எழுந்து ஜன்னலைச் சாத்துவேன், திறப்பேன். "உனக்கு இன்னாடி, மூலமா?" என்றுகூடக் கேட்டுவிட்டாள்.

நிறம் பூசுவது என்பது இதுதான். புள்ளிகளைக் கோடுகளால் இணைத்த ஒரு வலை. கோட்டின் இரு முனையிலும் உள்ள புள்ளிகளுக்கு ஒரே நிறம் வரக் கூடாது. குறைந்த நிறங்களில் கணினி அதை எவ்வளவு வேகமாகச் செய்யும்? ஷாஹிஸ்தா ஒரு புது வழி சொல்லியிருந்தாள். வல்லுநர்களில் ஒருவர் வெளியிடலாம் என்றார், இன்னொருவர் கூடாது என்றார். ஆக எல்லாம் ஷமீம் கையில் வந்து நின்றது.

அந்தச் சனிக்கிழமை அவள் வந்து பர்தாவை மடித்து நாற்காலியில் போட்டுவிட்டுக் கடிதத்தை எடுத்தாள். படிப்பதற்கு முன், "ஷாஹிஸ்தா சரியாவே பேச மாட்டேங்கறா கலா. கேட்டா வேலை இருக்குதுங்கறா. உடம்பு கிடம்பு சரியில்லையோ இன்னாவோ" என்றாள். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தாள்.

மூன்றாவது துணைத்தேற்றம் (லெம்மா) தவறு. ஒரு புள்ளியை எடுத்துவிட்டாலும் மீதி வலை ஒரே துண்டாக இருக்கும் என்று கட்டுரையாசிரியர் சரிபார்க்காமல் எடுத்துக்கொண்டிருக்கிறார். ஒரே ஒரு புள்ளியில் ஒட்டிக்கொண்டிருக்கும் இரண்டு முக்கோணங்களை வரைந்து பார்த்திருந்தாலே இது தெரிந்திருக்கும். முக்கியத் தேற்றம் இதன்மேல் நிற்பதால் அதுவும் நிற்காது. ஆசிரியருக்கு முடிவை அடையும் அவசரம் இருக்கிறது, வழியைப் பார்க்கும் பொறுமை இல்லை. கணிதத்துக்கு இரண்டாவதுதான் தேவை. வெளியிட இயலாது.

"வாக்கியம் சரியா இருக்குதா?" என்றாள்.

"கடைசி ரெண்டு வரி வேணாமே. ஆள் சின்ன வயசா இருந்தா?"

"சின்ன வயசா?" கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தாள். "யாருன்னு சொல்லாத. எனக்குத் தேவையில்ல. சின்ன வயசுன்னா இப்பவே தெரிஞ்சிக்கட்டும். நமக்கெல்லாம் யாராச்சும் முன்னாடியே சொல்லியிருந்தா இன்னும் கொஞ்சம் நல்லா வந்திருப்போம்."

அதற்குமேல் பேசினால் முகமே காட்டிக்கொடுத்துவிடும். சரி என்று வாங்கிக்கொண்டேன்.

அனுப்பவில்லை. ஞாயிறும் திங்களும் அந்தக் கடிதத்தைத் திறந்து திறந்து மூடினேன். ஷமீமிடம் தவறு இருக்காதா என்று மூன்றாவது துணைத்தேற்றத்தை நானே உட்கார்ந்து பார்த்தேன். இரண்டு முக்கோணங்களை ஒரு புள்ளியில் ஒட்டி, பட்டாம்பூச்சி மாதிரி வரைந்தேன். நடுப்புள்ளியை எடுத்தேன். இரண்டு இறக்கையும் தனித்தனியாகக் கழன்றுவிட்டன. மறுபடி வரைந்தாலும் அப்படித்தானே கழலும்? மறுபடியும் வரைந்தேன். ஷாஹிஸ்தா போன் செய்து, "வந்துச்சா ஆன்ட்டி?" என்றாள். சர்வர் வேலை செய்யவில்லை என்றேன். ஷமீம் போன் செய்து, "அனுப்பிட்டியா?" என்றாள். அவளிடமும் சர்வர்தான். பாவம் அந்த சர்வர், அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

வேலாயுதத்திடம் மட்டும் சொன்னேன். ஊடை இழையைத் தட்டி நிறுத்திவிட்டு நிதானமாகக் கேட்டார். "கரண்ட் இல்லன்னு சொல்லிடேன்" என்றார். இவரிடம் யோசனை கேட்ட என்னைச் சொல்ல வேண்டும்.

கடைசி இரண்டு வரியை நானே எடுத்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். ஒரு விசையை அழுத்தினால் போதும். ஆனால் அந்தப் பெண் கேட்டது மழுப்பாத வார்த்தையை. நான் மழுப்பினால் அதுவும் இன்னொரு மாஷா அல்லாதானே. செவ்வாய்க்கிழமை மதியம் கல்லூரி ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து, ஒரு எழுத்தும் மாற்றாமல் அனுப்பினேன்.

ஷாஹிஸ்தாவிடமிருந்து போன் இல்லை. சாயங்காலம் நான் கூப்பிட்டேன், அடித்து அடித்து ஓய்ந்தது. புதன்கிழமை அணைத்து வைத்திருந்தாள். பாடம் நடத்தும்போது கரும்பலகையில் எழுதிய சமன்பாட்டை நடுவில் விட்டுவிட்டு வெளியே போய் மறுபடி அடித்துப் பார்த்தேன். மெயில் அனுப்பினேன். "கடிதம் கட்டுரைக்குத்தான், உனக்கு இல்லை" என்று எழுதிவிட்டு, அதை வாசிக்கவே எனக்கு அருவருப்பாக இருந்தது. ஹாஸ்டல், மூடிய அறை என்று மனம் போகக் கூடாத இடத்துக்கெல்லாம் போனது. ஏதாவது நடந்தால் ஷமீம் முகத்தில் எப்படி விழிப்பேன் என்பதற்கு முன்னால், அந்தப் பெண் சாப்பிட்டிருப்பாளா என்ற எண்ணம்தான் என்னைக் கொன்றது.

வியாழக்கிழமை கல்லூரி விட்டு வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை, ஷமீம் படியேறி வந்தாள். கையில் பயணப் பை இருந்தது.

"ஷாஹிஸ்தா ரெண்டு நாளா போன் எடுக்கல. பக்கத்து ரூம் பொண்ணக் கேட்டா, ரூம் பூட்டியிருக்குது, எங்க போனான்னு தெரியலங்கறா. நான் புனே கிளம்பறேன். நீயும் வா. எனக்குத் தனியா போக முடியாது கலா."

விதியாவது மண்ணாவது. "உட்காரு" என்றேன். "செவ்வாக்கெழமை அவளுக்கு ஒரு கடிதம் போச்சு. நீ எழுதினது."

"நான் எங்க எழுதினேன்?"

"பட்டாம்பூச்சி. மூணாவது துணைத்தேற்றம்."

புரிந்ததும் பையைக் கீழே போட்டாள். "என் பொண்ணா? பொறுமையில்லன்னு நான் எழுதினது என் பொண்ணுக்கா? தெரிஞ்சிக்கினே என்னப் படிக்க வெச்சிக் கேட்டுக்கினு இருந்தியா? நீ மனுஷியா?"

"அவதான் கேட்டா ஷமீம். பேர் தெரியாம நீ சொல்றதுதான் வேணும்னா. வேலைக்குப் போறதா வேணாமான்னு அதை வெச்சி முடிவு பண்ணுவாளாம். நாளைக்குள்ள கம்பெனிக்குப் பதில் சொல்லணுமாம். நான் விதிப்படி..."

"விதியாம் விதி!"

கத்தியவள் சட்டென்று நின்றாள். முகம் மாறியது. கோபத்தைவிட மோசமான ஏதோ ஒன்று அதில் தெரிந்தது.

"நாலாவது பக்கம்" என்றாள். "கலா, நாலாவது பக்கம் பிரமாதமா இருந்துச்சே. கடைசிப் புள்ளியிலருந்து பின்னாடியே நடந்து வர்றது. நான் ரெண்டு வாட்டி படிச்சேன். யாருக்குடா இது தோணிச்சின்னு இருந்துச்சி. அத நான் எழுதலையே!"

"இப்ப சொல்லிடு."

"இப்ப சொன்னா அது பெத்தவ சொல்றது. அவ நம்புவாளா? இத்தனை வருஷம் எல்லாத்துக்கும் சொல்லிச் சொல்லி நானே அத செல்லாததா ஆக்கி வெச்சிருக்கறேன். நிஜமா சொல்ல வேண்டிய எடத்துல வாய மூடிக்கினேன்." தலையில் அடித்துக்கொண்டாள். நான் கையைப் பிடித்துக்கொண்டேன். எனக்கும் அழுகை வந்துவிட்டது.

அப்போதுதான் அவள் போன் அடித்தது. ஷாஹிஸ்தா.

"தெரியாத மாதிரியே பேசு" என்றேன். ஷமீம் தலையாட்டினாள். ஸ்பீக்கரை நான்தான் அழுத்தினேன்.

"எங்கடி போன? உயிரே போயிடுச்சி!"

"ஃபிரண்டு வீட்ல இருந்தேன்மா. போன் பேசப் பிடிக்கல. சாரி." குரல் கரகரவென்று இருந்தது. "ஒண்ணு சொல்லணும். சென்னையில ஒரு வேலை வந்திருக்குது. ஆராய்ச்சிய விட்டுட்டுப் போயிடலாம்னு இருக்கறேன்."

ஷமீமின் வழக்கமான பதில் எனக்குத் தெரியும். உனக்கு எது பிடிக்குதோ அதச் செய் கண்ணு, எங்க போனாலும் நீதான் ராணி. அவள் வாயைத் திறந்தாள். மூடினாள்.

"போகாத" என்றாள்.

"ஏன்? நான் பெரிய ஜீனியஸ்னு சொல்லப்போறியா?"

"இல்ல. நீ அவசரக்காரி. ஒரு புள்ளிய எடுத்தா வலை ரெண்டா உடையுமான்னு பாக்கற பொறுமைகூட உனக்கு இல்ல."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. என்னைத் திரும்பிப் பார்த்தாள். கீழே தறியின் ஓசை நின்றிருந்தது. வேலாயுதம் படியடியில் நின்று ஒட்டுக்கேட்கிறார் போல.

"ஆன்ட்டி சொல்லிட்டாங்களா?" என்றாள் ஷாஹிஸ்தா.

"இப்பத்தான் சொன்னா. எழுதறப்ப தெரியாது. சத்தியமா தெரியாது."

"தெரிஞ்சிருந்தா?"

ஷமீம் கண்ணை மூடிக்கொண்டாள். "தெரிஞ்சிருந்தா மாஷா அல்லான்னு எழுதியிருப்பேன்."

அந்தப் பக்கம் ஒரு சிரிப்புக் கேட்டது. சிரிப்பா விம்மலா என்று இப்போதும் எனக்குத் தெரியாது. பிறகு, சின்னப் பிள்ளை மாதிரி, மிகவும் தயங்கி ஒரு கேள்வி வந்தது.

"நாலாவது பக்கமும் மோசம்தானாம்மா?"

ஷமீம் புறங்கையால் வாயை அழுத்திக்கொண்டாள். எழுதாமல் விட்ட பாராட்டெல்லாம் நாக்கில் வந்து நிற்பது எனக்குத் தெரிந்தது. நல்லா இருக்குது என்று மட்டும் சொல்லிவிடாதே என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டேன். அந்த வார்த்தைக்கு அந்த வீட்டில் மதிப்பு இல்லை.

"அது சரியா இருக்குது" என்றாள் மெதுவாக. "நான் போட்டுப் பாத்துட்டேன். ஆனா பின்னாடியிலருந்து நடக்கலாம்னு உனக்கு எப்படித் தோணிச்சின்னு எனக்குப் புரியல. எனக்கு வந்து சொல்லிக் குடு."

அம்மா மகளிடம் முதல்முறையாகக் கேட்ட சந்தேகம் அதுவாகத்தான் இருக்கும். போனில் அழுகை கேட்டது. ஷமீம் தேற்றவில்லை, குறுக்கே பேசவில்லை, அது தானாக ஓயும்வரை காத்திருந்தாள்.

"சனிக்கெழமை வந்துடறேன்" என்றாள் ஷாஹிஸ்தா கடைசியில். மூக்கை உறிஞ்சினாள். "போர்டு வேணும். அந்தக் கம்பெனிக்கு இன்னிக்கே எழுதிடறேன்."

"இன்னான்னு எழுதப்போற?" என்று கேட்டேன். என்னால் பொறுக்க முடியவில்லை.

"வரலன்னு, ஆன்ட்டி. மூணாவது லெம்மாவ சரி பண்ணாம எங்க போறது?"